மழைச்சீட்டு

(நம் வட்டத்தின் கார்காலச் சிறப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சில இடங்களில் செப்பம் செய்யப்பட்டது.)



‘மழை’ என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, சங்கப் பாடல்களில் கார்காலம் என்றோ, முல்லைத்திணை மாண்பு என்றோ நான் தலைப்புத் தருவேன் என அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்தாண்டுக் காலம் முல்லைத்திணையோடு குடும்பம் நடத்தியவள் நான். அதன்பின் வகுப்பறையிலும் ஆண்டுதோறும் அதையே சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஒன்றை உங்களிடமும் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆகவே, அழைப்பிதழில் ‘மழையில் ஒரு பேஸ்பால் ஆட்டம்’ என்று அச்சிடச் சொன்னேன். அதைக் கண்டவர்களுள் இருவர் அச்சுப்பிழையோ என்று செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டனராம். பிழையன்று. அமெரிக்க நாட்டில், பிட்ஸ்பர்க் நகரில், கொட்டும் மழையில் ஒரு விளையாட்டரங்கில் உட்கார்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். முல்லையை அது எனக்கு வேறு விதமாகக் கற்பித்தது. அதையும் இடையில் சொல்வேன்.

பேஸ்பாலுக்கு ‘அடிப்பந்தாட்டம்’ என்று தமிழில் ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னால் கிட்டிப்புள் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வீர்கள் என்பதால் பேஸ்பால் என்றே வழங்குகிறேன். கிரிக்கெட் தெரிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. இதிலும் ஒருவர் எறிய, ஒருவர் மட்டையால் அடிக்கிறார். அடித்தவர் தொண்ணூறு தொண்ணூறு அடி தூரத்தில் அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மறுதரப்பின் முறை. இருதரப்பும் ஒருமுறை ஆடினால் ஓர் இன்னிங்ஸ், அப்படி ஒன்பது. இவ்வளவு தெரிந்தால் இன்றைக்குப் போதும். ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்திற்குக் கடிகாரம் இல்லை. பந்தெறிபவர் தாமதிக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டில் நொடிக்கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் ஆட்டம் இத்தனை மணிக்கு முடியும் என்று இன்றைக்கும் எவராலும் சொல்ல இயலாது.

கடிகாரத்திற்கு அடங்காத இவ்விளையாட்டு மழைக்கு அடங்கும். தூறலில் ஆடுவார்கள். மழை வலுத்தால் ஆட இயலாது. கையளவுத் தோல்பந்து நனைந்தால் வழுக்கும். மணிக்குத் தொண்ணூறு மைலுக்கும் மேலான வேகத்தில் வரும் பந்து கைநழுவி மட்டையாளரின் தலையை நோக்கிப் போனால் என்னாவது? அன்றியும், தளங்களைச் சுற்றியுள்ள உள்வட்டத்தில் களிமண்ணும் மணலும் கலந்து பதப்படுத்திய தரை இருக்கிறது; பந்தெறியும் மேடு பத்து அங்குல உயரம். இரண்டும் நீர் குடித்தால் சேறாகும். எனவே மேகம் கறுத்ததும் அரங்கத்தில் இருப்போர் எல்லாரும் மேலே பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் நடத்துவதா ஒத்திவைப்பதா என்பது உள்ளூர்க் கழகத்தின் கையில். தொடங்கியபின் அது நடுவரின் கையில். அவரும் மழை வந்தவுடன் எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டத்தை நிறுத்திவைத்துக் குறைந்தது அரைமணி நேரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஒரு மணி, இரண்டு மணி, சிலபோது அதற்கும் மேல் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்லூரிக் கோடை விடுமுறையில் என் தம்பியைப் பார்க்கப் பிட்ஸ்பர்க் சென்றேன். 2001ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காகச் சென்றவன் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டான். நான் புறப்படும்போது அம்மா ஒரு பொட்டலம் அப்பளமும் ஒரு கேள்வியும் கொடுத்தனுப்பினார். “எப்பப் பேசினாலும் ‘வரேம்மா, வரேம்மா’ங்கறான். எப்போன்னு கேளு. ஒரு தேதி வாங்கிட்டு வா.” அம்மா கேட்டது விடுமுறைக்கு வருவதைப் பற்றியன்று என்பது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்தில் பலமுறை அக்கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவன் வேலைக்குப் போவான்; வருவான்; சமைப்பான். ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் பகுதியில் குன்றின்மேல் இருக்கும் வேங்கடேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனான். 1970களில் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. அங்கும் கேட்க முடியவில்லை. பிறகு ஒருநாள், “அக்கா, என்னோட கோயிலுக்கும் ஒரு தடவை வாயேன்” என்று சொல்லி விளையாட்டரங்கிற்கு அழைத்துச் சென்றான்.

அரங்கத்தின் பெயர் பிஎன்சி பார்க். அதுவும் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதே. தம்பியும் அரங்கமும் அந்த ஊருக்கு ஒரே ஆண்டில் வந்தவர்கள். அலிகெனி ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆட்ட நாள்களில் ராபர்ட்டோ கிளமென்ட்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் மக்கள் ஆற்றைக் கால்நடையாகவே கடந்து வருகிறார்கள். கிளமென்ட்டே அந்நகர அணியின் ஒப்பற்ற ஆட்டக்காரர். நிக்கராகுவாவில் நிலநடுக்கத்தால் துயருற்றோர்க்கு உதவிப்பொருள் கொண்டு சென்ற விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று இறந்தவர். பாலத்தின்மேல் நடக்கும்போதே தம்பி இதைச் சொன்னான். ஏதோ நம் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

அணியின் பெயர் பைரேட்ஸ், அதாவது கடற்கொள்ளையர். பெயர்தான் அப்படி, அவர்கள் எதையும் கொள்ளையடித்து நெடுங்காலம் ஆகியிருந்தது. 1993 தொடங்கி எந்த ஆண்டிலும் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை. தம்பி அந்நகருக்கு வந்த 2001ஆம் ஆண்டில் மட்டும் நூறு ஆட்டங்களில் தோற்றார்கள். “இத்தனை அணி இருக்கும்போது இதைப் போய் ஏன்டா பிடிச்சே?” என்றேன். “இது இந்த ஊர் டீம்க்கா” என்றான். வேறு காரணம் சொல்லவில்லை.

எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் எழுபதைக் கடந்த ஒரு முதியவர். தம்பிக்குப் பல ஆண்டுப் பழக்கம். மடியில் ஒரு நீண்ட குறிப்பேடு. காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். பேனா ஏன் இல்லை என்று கேட்டேன். மையெழுத்து மழையில் கரையும், பென்சில் எழுத்துக் கரையாது என்றார். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோரை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் இன்னிங்ஸில் உள்ளூர் அணியின் ஒருவர் அடித்த பந்து வலப்புற மதிலைத் தாண்டி ஆற்றுப்பக்கம் போயிற்று. அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நான் நேரில் கண்ட முதல் ஹோம் ரன் அதுதான். விதி எதுவும் முழுதாகத் தெரியாத நானும் எழுந்து நின்று கைதட்டினேன். மூன்றாம் இன்னிங்ஸில் மழை வந்துவிட்டது.

வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஆற்றின் மறுகரையில் இருந்த உயர்ந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. பின்பு பாலம் போயிற்று. நடுவர் இரு கைகளையும் உயர்த்தினார். அந்நொடியில் ஓரத்தில் உருளையாகச் சுற்றி வைத்திருந்த ஒரு பெரிய விரிப்பை நோக்கிப் பத்துப் பதினைந்து பேர் ஓடினார்கள். ஏறக்குறைய நூற்றெழுபது அடி நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட விரிப்பு அது. உருட்டிக்கொண்டே ஓடி, பிரித்து, மூலைகளைப் பிடித்து இழுத்து, காற்று உள்ளே புகாமல் மேலே விழுந்து அமுக்கி, இமைப்பொழுதில் உள்வட்டத்தை மூடிவிட்டார்கள். அன்று மாலை அரங்கம் முழுதும் எழுந்து நின்று ஆரவாரித்தது அவர்களுக்குத்தான். அந்த விரிப்பிற்கு நம் ஊர்ப் பெயரே பெயர்: தார்ப்பாய். லாரிக்காரர்கள் மூடுகிற தார்ப்பாய்தான். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பது மறந்து, தார் பூசிய பாய் என்று நாமே பொருள் கண்டுகொண்டு சொந்தமாக்கிக்கொண்ட சொல். மொழி வகுப்பில் எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் சொல்வேன். கடல் கடந்து போய் அதை இப்படிச் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

அந்தப் பாயால் ஆபத்தும் உண்டு. 1985 அக்டோபரில், செயின்ட் லூயிஸ் நகர அரங்கில், பொறியால் தானாக விரியும் தார்ப்பாய் ஒன்று வின்ஸ் கோல்மன் என்ற ஆட்டக்காரரின் காலின்மேல் ஏறிவிட்டது. அவ்வாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தளங்களைத் திருடிப் பெயர் பெற்ற விரைவோட்டக்காரர் அவர். ஓட்டத்தில் எவராலும் பிடிக்க முடியாதவரை மெல்ல உருண்டு வந்த பாய் பிடித்துவிட்டது! உலகத்தொடர் என்று அவர்கள் அழைக்கும் இறுதிப்போட்டியில் அவர் ஆட இயலவில்லை. அணியும் ஏழு ஆட்டங்களில் தோற்றது. இதைச் சொன்ன முதியவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்; பிறகு வருந்தினேன்.

மழை வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குழந்தைகளோடு வந்தவர்களும் மறுநாள் விடியலில் வேலைக்குப் போக வேண்டியவர்களும் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலர் கூரை உள்ள நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டார்கள். மிகச் சிலர் மட்டும் இருக்கையிலேயே இருந்தார்கள். குடை விரிக்கவில்லை, விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம். மெல்லிய பிளாஸ்டிக் மேலங்கியைப் போர்த்துக்கொண்டு, மறைப்பதற்கு ஆட்டமே இல்லாத போதும் குடை விரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். (ஜப்பானில் வேறு வழக்கம். டோக்கியோவில் யாகுல்ட் சுவாலோஸ் அணிக்கு ஓட்டம் கிடைத்தால் அதன் அன்பர்கள் வெயில் நாளிலும் சிறு குடைகளை விரித்து ஆட்டிக்கொண்டு பாடுவார்கள். குடைக்கும் நாட்டுக்கு நாடு இலக்கணம் வேறு.)

தம்பி சூடாகப் பியரோகி வாங்கி வந்தான். உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பிறைவடிவக் கொழுக்கட்டை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து எஃகு ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் அந்நகருக்குக் கொண்டுவந்த பண்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் இடையே சிலர் அந்தக் கொழுக்கட்டை வேடம் பூண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவதும் அங்கே உண்டு. வந்தேறிகளின் உணவு ஊரின் சின்னமாகிவிட்டது. தம்பி அதை ருசித்துத் தின்றதைப் பார்த்தபோது அம்மாவின் கேள்வி எனக்குள் சற்றே கனத்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. “போகலாமேடா” என்றேன். “இன்னும் அரைமணி பாப்போம்க்கா.” “எதைடா பாக்கறது? அந்தத் தார்ப்பாயையா?” அவன் சிரித்தான். பிறகு பேச ஆரம்பித்தான். தொலைபேசியில் மூன்று நிமிடத்திற்கு மேல் பேசாத பிள்ளை, கண்களைத் தார்ப்பாயின்மேல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினான். வந்த முதல் ஆண்டில் அறையில் இருக்க முடியாமல், மலிவான மேல்தளச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்காருவானாம். விதி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் இருக்கலாம். நீ யார், ஏன் தனியாக வந்தாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் போய்விட்டார்கள், போக வீடு என்று தோன்றாததால் இவன் மட்டும் இருந்தான். நான்கு வரிசை தள்ளி இருந்த ஒருவர் எழுந்து வந்து, தம் பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு பாதியை இவன் தலைக்கு மேல் பிடித்தார். பிடித்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்து, எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுத்தார். அவர்தான் இவர் என்று பக்கத்து முதியவரைக் காட்டினான். தமிழில் பேசிக்கொண்டிருந்தாலும் தம்மைப் பற்றிய பேச்சு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் சொன்னார்.

இங்கேதான் முல்லை எனக்கு வேறாகத் தெரிந்தது. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். மழைக்காலம், மாலை நேரம், காத்திருத்தல். அந்த இருக்கையில் மூன்றும் கூடியிருந்தன. இத்தனை ஆண்டுகளாக ‘இருத்தல்’ என்பதற்கு நான் வகுப்பில் சொன்ன பொருள், பிரிவைத் தாங்கிப் பொறுமையாக இருப்பது என்பது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது போன்ற ஒரு பொருள் அதில் தொனிக்கும். தலைவி பாவம் என்று மாணவியர் இரக்கப்படுவார்கள். அந்த மாலையில் நான் கண்டவர்கள் பாவப்பட்டவர்கள் அல்லர். வானத்தைப் படித்தார்கள். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்தார்கள். இது நின்று பெய்யும் மழையா, கடந்து போகும் மழையா என்று வாதிட்டார்கள். தலைவி கலங்கக் கூடாதே என்று, இது கார் அன்று, காலம் தப்பிய வம்பமாரி என்று தோழி சொல்வதில்லையா? அப்படி ஒருவருக்கொருவர் தேற்றிக்கொண்டார்கள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் போய், யாரோ யாரிடமோ சொல்லும் சொல்லை நற்சொல்லாகக் கேட்டு வருவதை விரிச்சி என்போம். இங்கே ஒருவர் கைப்பேசியில் வானிலைப் படத்தைப் பார்த்து வந்து, “பச்சை நிறம் நகர்கிறது” என்று வரிசை முழுதுக்கும் அறிவித்தார். இருத்தல் என்பது ஒரு வேலை. விருப்பத்தோடு செய்யும் வேலை. நூற்று மூன்று அடிகள் கொண்ட முல்லைப்பாட்டை நப்பூதனார் ஏன் அந்த அளவு சுறுசுறுப்பாகப் பாடினார் என்பதை நனைந்த காலணியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். என் ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

முதியவரும் மழைக்கதைகளை எடுத்தார். அந்நகரத்தார்க்கு அவை புராணம். 1925 அக்டோபர் 15 அன்று உலகத்தொடரின் ஏழாவது ஆட்டம் பிட்ஸ்பர்க்கின் பழைய ஃபோர்ப்ஸ் அரங்கில் மழைக்கும் மங்கலுக்கும் நடுவில் நடந்தது. வாஷிங்டன் அணிக்காகப் பந்தெறிந்தவர் வால்ட்டர் ஜான்சன், அக்காலத்து இணையற்ற எறிவாளர், வயது முப்பத்தேழு. முதல் இன்னிங்ஸிலேயே அவர் அணி நான்கு ஓட்டம் எடுத்துவிட்டது. ஆனால் நிற்கும் இடம் சேறான பின் எத்தகைய கையும் என்ன செய்யும்? பிட்ஸ்பர்க் 9-7 என வென்றது. அன்று ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று வாஷிங்டன் அன்பர்களும், நிறுத்தாததே சரி என்று பிட்ஸ்பர்க் அன்பர்களும் சொல்வார்கள். முதியவர் எந்தக் கட்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று இன்னும் வேடிக்கையானது. மழைத் தொல்லையே வேண்டாம் என்று ஹூஸ்டன் நகரில் 1965ஆம் ஆண்டில் முழுக்கூரை போட்ட அரங்கம் ஒன்று கட்டினார்கள். 1976 ஜூன் 15 அன்று அங்கே ஆடப் பிட்ஸ்பர்க் அணி போயிருந்தது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. வெளியே வெள்ளம், நடுவர்கள் வந்து சேர முடியவில்லை, மக்கள் வர முடியவில்லை. கூரைக்குக் கீழேயே மழையால் ஆட்டம் நின்றது! முன்னதாகவே வந்துவிட்ட இரு அணியினரும் மைதானத்தில் மேசை போட்டு ஒன்றாக உணவருந்தினார்கள்.

இனி எங்கள் ஆட்டத்திற்கு வருகிறேன். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால்தான் ஓர் ஆட்டம் ஆட்டமாகக் கருதப்படும். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை போதும். அதற்கு முன் மழையால் கைவிடப்பட்டால், அக்கால விதிப்படி அவ்வாட்டமே இல்லை. பிறிதொரு நாள் முதலிலிருந்து தொடங்குவார்கள். எடுத்த ஓட்டம், அடித்த அடி, எல்லாம் அழியும். 1961ஆம் ஆண்டில் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்து, பேப் ரூத்தின் 60 என்ற சாதனையைக் கடந்தார். அதே ஆண்டு ஜூலை 17 அன்று பால்டிமோரில் அவர் அடித்த ஒன்று மழையில் போயிற்று. அவரோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த மிக்கி மேண்டிலுக்கும் அதே ஆட்டத்தில் ஒன்று போயிற்று. பந்து மதிலைத் தாண்டியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். கணக்கில் மட்டும் அது தாண்டவில்லை. 2020ஆம் ஆண்டில் இந்த விதியை மாற்றி, நின்ற இடத்திலிருந்தே பின்னர் தொடரலாம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம் என்பேன். ஆனால் எங்கள் மழை பழைய விதியின் மழை.

இரண்டு மணி நேரம் போன பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. என் வாழ்வின் முதல் ஹோம் ரன் நடக்காத ஒன்றாயிற்று. நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன். முதியவர் குறிப்பேட்டை மூடவில்லை. பக்கத்தின் அடியில் ‘மழை’ என்று எழுதி, தேதியைக் குறித்து, பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் இட்டார். அந்தக் குறிப்பேட்டில் அப்படிப்பட்ட பக்கங்கள் பல உண்டு என்று தம்பி சொன்னான். எந்த ஆவணத்திலும் இல்லாத ஆட்டங்கள் அவரிடம் மட்டும் இருந்தன. வளையாபதி நமக்கு முழுதாக இல்லை; முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் பாடல்களே எஞ்சின. அவையும் எப்படிக் கிடைத்தன? புறத்திரட்டைத் தொகுத்த ஒருவர் தமக்குப் பிடித்ததை எழுதி வைத்ததால் கிடைத்தன. அவர் பெயர் கூட நமக்குத் தெரியாது. முதியவரின் பெயரைத் தம்பி எனக்குச் சொல்லியிருக்கிறான். இந்த அவையில் நான் அதைச் சொல்லப் போவதில்லை.

வெளியே வரும்போது சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றான் தம்பி. அதுதான் ‘ரெயின் செக்’. மழையால் ஆட்டம் நின்றால், கையிலிருக்கும் சீட்டின் கிழித்த பாதியைக் காட்டி இன்னொரு நாள் வரலாம். 1880களிலேயே தோன்றிய வழக்கம். இப்போது ஆங்கிலத்தில் விருந்துக்கு அழைத்தால், இன்று இயலாது, பிறகு வருகிறேன் என்று நயமாகச் சொல்வதற்கும் அதுவே தொடராகிவிட்டது. ‘மழைச்சீட்டு’ என்று தம்பிதான் தமிழாக்கினான். அந்தப் பாலத்தின் நடுவில், இருவரும் முழுக்க நனைந்திருந்த நிலையில், கேட்டேவிட்டேன்.

“அம்மா ஒரு தேதி கேட்டாங்கடா.”

சிறிது தூரம் பேசாமல் நடந்தான். பிறகு, “இந்த டீம் ஜெயிக்கிற வருஷம் வரேன்னு சொல்லுக்கா” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். கூட வந்த முதியவர் என்ன சிரிப்பு என்று கேட்க, அவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. உன் தாயார் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்குமே என்றார்.

ஒத்திவைத்த ஆட்டம் நடந்தபோது நான் ஊர் திரும்பியிருந்தேன். தம்பி தன் சீட்டோடு போனான். என் சீட்டு என்னோடே வந்துவிட்டது. “தேதி வாங்கிட்டு வந்தியா?” என்று அம்மா கேட்டபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அம்மா அந்தச் சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். “இதுல ஒரு தேதி போட்டிருக்கே” என்றார். அது மழை பெய்த நாளின் தேதி.

2012ஆம் ஆண்டோடு அவ்வணி தொடர்ந்து இருபது ஆண்டுகள் தோற்றிருந்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் வேறெந்த அணியும் அப்படித் தோற்றதில்லை. 2013இல் 94 ஆட்டங்களில் வென்றது. அக்டோபர் 1 அன்று சின்சினாட்டி அணியை 6-2 என வீழ்த்தியது. அரங்கம் நிறையக் கறுப்பு உடையணிந்த மக்கள், எதிரணி எறிவாளர் குவேட்டோவின் பெயரைத் தாளம் போட்டுக் கூவிக்கொண்டே இருந்தார்கள். அவர் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது. அடுத்து எறிந்த பந்தை ரசல் மார்ட்டின் மதிலுக்கு அப்பால் அனுப்பினார். தம்பி அங்கே இருந்தான். நமக்கு விடிந்துவிட்ட நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் சொல்லாமல் அந்தக் கூச்சலைக் கேட்கச் செய்தான். அம்மாதான் எடுத்தார். “ஜெயிச்சுட்டாங்களா?” என்றார்.

2014 பொங்கலுக்குத் தம்பி வந்தான். மூன்று வாரம் இருந்தான். முன்வாசல் திண்ணையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அப்பளத்திற்கு மாவு உருட்டினான். திரும்பிப் போகும் நாளில், “வந்துட்டேன்லம்மா” என்றான். ஐந்து இன்னிங்ஸ் விதி எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும், “மூணு வாரமெல்லாம் கணக்குல சேராதுடா” என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் பெரிய மழையாட்டம் ஒன்றை நானும் அம்மாவும் இங்கிருந்தபடியே பார்த்தோம். 2016 நவம்பர் 2ஆம் நாள் இரவு, கிளீவ்லாந்தில், உலகத்தொடரின் ஏழாவது ஆட்டம். இங்கே மறுநாள் காலை. 1908க்குப் பின் பட்டம் வெல்லாத சிகாகோ கப்ஸ் அணி முன்னிலையை இழந்து, ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6 என்று நின்றபோது மழை வந்தது. பதினேழே நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் ஜேசன் ஹேவர்ட் என்ற ஆட்டக்காரர் தம் தோழர்களை உடற்பயிற்சி அறைக்குள் கூட்டிப் பேசினார். மழை விட்டதும் போய் 8-7 என்று வென்றார்கள். நூற்றெட்டு ஆண்டுக் காத்திருப்புக்கு நடுவில் அந்தப் பதினேழு நிமிடம் எப்படிக் கழிந்திருக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். “நீ ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தவதானேக்கா, உனக்குத் தெரியாதா?” என்றான்.

முதியவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். குறிப்பேடுகளைத் தம்பியிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். எங்கள் மழைநாளின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டேன், அனுப்பினான். இரண்டாம் இன்னிங்ஸ் கட்டத்தில் அந்த ஹோம் ரன் பென்சிலால் தெளிவாக இருக்கிறது. என் சீட்டு முல்லைப்பாட்டுப் புத்தகத்திற்குள் இருக்கிறது. காலாவதியாகிவிட்டது என்று தம்பி சொல்கிறான்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. கண் சற்று மங்கிவிட்டது. தம்பி ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைப்பான். அங்கே அப்போது காலை. சாப்பாடு, உடம்பு, வேலை எல்லாம் விசாரித்தபின், எப்போது வருகிறாய் என்று அம்மா இப்போது கேட்பதில்லை. “அங்க மழையா?” என்று கேட்கிறார். அவன் சன்னலண்டை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லும் வரை, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.